டப்ளினில் மணி பன்னிரண்டு

வலப்பக்கம். இந்தத் தடவையும் வலப்பக்கம்தான். எதிர்ச்சாரியில் ரொட்டிக் கிடங்கின் கூரைமேல் நின்ற செங்கல் புகைபோக்கியின் வலது ஓரத்தில் துப்பாக்கி முனை ஒரு சாண் எட்டிப் பார்த்தது, வெடித்தது, உள்ளே போய்விட்டது. கீழே தெருவில் காலையிலிருந்து கிடக்கிற இங்கிலீஷ்காரப் பையன்களின் சடலங்களில் ஒன்று அந்தக் குண்டையும் வாங்கிக்கொண்டு லேசாக அசைந்தது. செத்தவனை மறுபடி கொன்று என்னத்தைக் காணப்போகிறான் என்று கிறிஸ்டி கெராட்டிக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சல் நல்லது, அது இருக்கும்வரை பயம் கொஞ்சம் தள்ளி நிற்கும். மூன்றாம் மாடி ஜன்னலில் யாரோ ஒரு குடும்பத்தின் மெத்தையைச் சாத்திவைத்து, அதன் ஓரத்து இடுக்கில் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு முழங்காலில் நின்றிருந்தான். வலதுகைக்காரன் என்றால் தன் வலது பக்கமாகச் சாய்ந்து சுடுவான், அது இங்கிருந்து பார்த்தால் புகைபோக்கிக்கு இடப்பக்கம். இவன் தப்பாமல் மறுபக்கம் வருகிறான். ஆகவே இடதுகைக்காரன். சரி, இருந்துவிட்டுப் போகட்டும். டப்ளின் நகரத்தில் இடதுகைக்காரனே கிடையாதா? பள்ளிக்கூடத்தில் துறவி வாத்தியார்கள் தோல்வாரால் விளாசி விளாசி வலது கைக்கு மாற்றியதுபோக மிஞ்சியவர்கள் ஆயிரம் பேராவது இருப்பார்கள். அந்த ஆயிரத்தில் தன் தம்பி பிரெண்டனேதான் அந்தக் கூரையில் இருக்கவேண்டும் என்று என்ன சட்டம்? ஒரு சட்டமும் இல்லை. ஆனால் இவன் மேலே தலையைத் தூக்குவதே இல்லை, ஓரமாகத்தான் சாய்கிறான். சுட்டதும் இடம் மாறுகிறான். போன ஜனவரியில், காயம் ஆறி விடுப்பில் வந்திருந்தபோது, வீட்டுக் கூரைமேல் துடைப்பக்கட்டையை வைத்துக்கொண்டு தம்பிக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் யார்? மேலே எட்டிப் பார்க்காதே மடையா, ஓரமா சாய், சுட்டா அங்கேயே உட்கார்ந்திருக்காதே, நகரு. விளையாட்டுக்குச் சொன்னது. பிள்ளை விளையாட்டாகத்தான் கேட்டுக்கொள்கிறான் என்று நினைத்துச் சொன்னது.

அறையில் ரத்தவாடை முற்றிவிட்டது. அவனுக்குப் பின்னால், ரோஜாப்பூ போட்ட சுவர்க் காகிதத்துக்குக் கீழே, டுகன் படுத்திருந்தான். படுத்திருந்தான் என்றுதான் மனசு சொல்கிறது. ஜன்னல் திரையைக் கிழித்துப் போர்த்தியிருந்தார்கள், முகம் இருந்த இடத்தில் திரை நனைந்து கறுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த பூட்ஸில் ஒன்றின் கயிறு அவிழ்ந்திருந்தது. காலை ஏழு மணிக்கு இந்த மெத்தையைத் தூக்கி ஜன்னலில் வைக்கும்போது, "கிறிஸ்டி, அந்த முனையைப் பிடிடா, வீட்டுக்காரி வந்தா நம்மளத்தான் ஏசுவா" என்று சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவன். சிரிப்பு முடியவில்லை. குண்டு மேலுதட்டில் நுழைந்தது. அந்தக் கயிற்றையாவது கட்டிவிடவேண்டும் என்று கிறிஸ்டிக்குக் காலையிலிருந்து தோன்றிக்கொண்டே இருக்கிறது, ஆனால் அந்தக் காலைத் தொட முடியவில்லை. டுகன் தெற்கே கார்க் நகரத்துப் பக்கத்து ஆள், வாயாடி, கடன்காரனைப்போல விடாமல் ஜெபமாலை சொல்லுகிறவன். போன வருஷம் இதே ஏப்ரலில், துருக்கிக் கடற்கரையில், படகிலிருந்து குதித்தவர்கள் எல்லாரும் தண்ணீரிலேயே செத்து மிதக்க, கடல் ஐம்பது கஜத்துக்குச் சிவப்பாகிப்போக, தொடையில் குண்டோடு மூழ்கிக்கொண்டிருந்த கிறிஸ்டியைச் சட்டைக் காலரைப் பிடித்துக் கரைக்கு இழுத்துக்கொண்டு வந்தவன். அந்தச் சிவப்புத் தண்ணீரைக் கிறிஸ்டி குடித்திருக்கிறான். உப்பாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தது. அங்கே சாகாத டுகனை இங்கே, தான் பேசுகிற பாஷையையே பேசுகிற ஒருவன், ஒருவேளை தன் தாய் வயிற்றிலேயே பிறந்தவன், ரொட்டிக் கிடங்கின் மேலிருந்து கொன்றுவிட்டான். ஒருவேளை. இந்த ஒருவேளையை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன செய்வான்?

"கெராட்டி." பக்கத்து ஜன்னலுக்கடியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்த சார்ஜன்ட் ஹோல்ராய்டு கூப்பிட்டார். நேற்றுத்தான் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர். திங்கட்கிழமை டப்ளினில் இங்கிலீஷ் ஆட்சியை எதிர்த்த அயர்லாந்துக் கலகக்காரர்கள் தபாலாபீஸையும் மில்களையும் பிடித்துக்கொண்டு குடியரசு என்று அறிக்கை ஒட்டியதும் அவசர அவசரமாக அனுப்பப்பட்ட பட்டாளம் அது. அவருடைய பையன்களில் பாதிப் பேர் பிரான்சில் இறங்கிவிட்டதாக நினைத்துத் துறைமுகத்துப் பெண்களிடம் பிரெஞ்சு பேசினார்களாம். ஊர் தெரியாத அந்தப் பட்டாளத்துக்கு வழிகாட்ட, படை டிப்போவில் காயம் ஆறிக் காத்திருந்த அயர்லாந்துச் சிப்பாய்கள் இரண்டு பேரைக் கொடுத்தார்கள். ஒருவன் டுகன், ஒருவன் கிறிஸ்டி. "நீ இந்த ஊர்க்காரன்தானே? இவனுங்க புத்தி எப்படிப் போகும்னு உனக்குத் தெரியாதா? அந்தச் செங்கல்லுக்குப் பின்னாலேர்ந்து அவனை வெளியே கொண்டுவர ஒரு வழி சொல்லு." கிறிஸ்டி யோசிக்கிறவன்போல நெற்றியைச் சுருக்கினான். "யோசிக்கிறேன் சார்ஜன்ட்." "யோசி. பதினொண்ணு முப்பத்தஞ்சு ஆச்சு. காலையிலேர்ந்து என் பசங்க மூணு பேரை எடுத்துட்டான். அந்த வில்கின்ஸ் பய இருக்கானே, பத்து மணி வரைக்கும் தெருவிலே அம்மா அம்மான்னு கத்திட்டு இருந்தான், கேட்டியா?" கேட்டான். காது இருக்கிறவன் எல்லாரும் கேட்டார்கள். கூரைமேல் இருக்கிறவனும் கேட்டிருப்பான். ஹோல்ராய்டு கெட்டவரில்லை, அதுதான் தொல்லை. விடியற்காலையில் தன் தேநீரில் பாதியை ஊற்றிக் கொடுத்தவர். டுகன் செத்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றவர். கெட்டவராக இருந்திருந்தால் அவருக்குப் பொய் சொல்வது எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

ஏனென்றால் வழி அவனுக்குத் தெரியும். காலையிலிருந்தே தெரியும். தெரியும் என்பதுதான் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருக்கிறது. பன்னிரண்டு அடித்தால் போதும். ரொட்டிக் கிடங்குக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி மாதா கோயில் இருக்கிறது. காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு என்று மூன்று வேளையும் அங்கே ஜெபமணி அடிக்கும். அடித்தால் இந்த ஊரில் ஒரு கத்தோலிக்கன் செய்கிற காரியத்தைத் தொடரமாட்டான். வண்டிக்காரன் குதிரையை நிறுத்துவான். சண்டைக்காரன் ஓங்கிய கையை இறக்குவான். மீன்காரி பாதி வெட்டிய மீனில் கத்தியை விட்டுவிட்டுச் சிலுவை போடுவாள். தொப்பி போட்டவன் தொப்பியைக் கழற்றுவான். யோசித்துச் செய்வதில்லை, கண்ணில் தூசி விழுந்தால் இமை மூடுகிற மாதிரிதான். இன்று காலை ஆறு மணிக்குக் கால்வாய்க் கரையோரம் அணிவகுத்து வந்தபோது அந்த மணி அடித்தது, டுகனும் அவனும் நடந்துகொண்டே தொப்பியைக் கழற்றினார்கள், இங்கிலீஷ் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்போதே கிறிஸ்டி நிமிர்ந்து கூரைகளைப் பார்த்தான். ஊர் முழுக்கக் கூரைகளில் எத்தனை தொப்பிகள் கழன்றிருக்கும்! அதிலும் இது ஈஸ்டர் வாரம். போன வாரம்வரை தவக்காலம், முழங்காலில் நின்று சொல்லவேண்டிய ஜெபம். முழங்காலில் நிற்கிறவன் புகைபோக்கிக்குப் பின்னால் பத்திரமாக இருப்பான். ஈஸ்டர் வந்துவிட்டால் ஐம்பது நாளைக்கு முழங்காலிடக் கூடாது, எழுந்து நின்றுதான் சொல்லவேண்டும், மாதாவைப் பார்த்து மகிழ்ந்திரும் என்று தொடங்குகிற வேறு ஜெபம். பன்னிரண்டு அடிக்கும், அவன் எழுந்து நிற்பான், தொப்பியைக் கழற்றித் தலையைக் காட்டுவான். எழுபது கஜம். எட்டு வயசுப் பிள்ளைகூடச் சுட்டுவிடும்.

பிரெண்டன் கட்டாயம் நிற்பான். வீட்டுக் கூரையில் இருவரும் புறா வளர்த்தார்கள். பிரெண்டனுக்கு அப்போது ஒன்பது வயசு. மணி அடித்தால் அம்மா முற்றத்தில் துணி துவைத்தபடியே, "தொப்பியை எடுங்கடா, சாத்தான் பிள்ளைகளா!" என்று கத்துவாள், அவள் தொண்டைக்குக் கோயில் மணி எம்மாத்திரம். ஒரு நாள் மழை பெய்து ஓடு வழுக்கிக்கொண்டிருந்தது. பிரெண்டன் சரிவில் நின்று ஒரு கையால் புறாவையும் ஒரு கையால் புகைபோக்கியையும் பிடித்திருந்தான். மணி அடித்தது. தொப்பியைக் கழற்றக் கை வேண்டுமே! புறாவை விட்டிருக்கலாம். புறா புதுசு, விட்டால் திரும்பாது. அதனால் புகைபோக்கியை விட்டான். விட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றினான், வழுக்கினான், கூரை விளிம்புவரை போய்த் மழைநீர் ஓடுகிற தகரக் கால்வாயில் கால் மாட்டி நின்றான். தகரம் கிழித்துக் கணுக்காலில் எலும்பு தெரிந்தது. அப்படியே மல்லாந்து கிடந்தபடி ஜெபத்தை முடித்துவிட்டுத்தான் அழுதான். பைத்தியம். அம்மா அந்தப் பைத்தியத்தைத் தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டாள். அவனுக்கு எதுவும் பாதிப் பாதியாக வராது. ஜெபமானாலும் சரி, குடியரசானாலும் சரி. போன ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர் விருந்துக்கு ஆட்டுக்கறி வைத்துவிட்டு அம்மா இரண்டு பேரையும் மேஜையின் இரண்டு முனையில் உட்காரவைத்தாள். "ராஜாவோட கூலிக்காரனுக்கு இன்னும் ரெண்டு துண்டு போடும்மா, மனுஷன்களைக் கொன்னு களைச்சு வந்திருக்கான்" என்றான் பிரெண்டன். கிறிஸ்டிக்குச் சுருக்கென்றது. "நான் பட்டாளத்துக்குப் போகாட்டா நீ எதைத் தின்னு வளர்ந்திருப்பே? முதலாளிங்க வேலை கொடுக்காம ஆலைக் கதவை அடைச்சப்போ உன் கொள்கையா சோறு போட்டுச்சு?" என்று கேட்டுவிட்டான். கேட்டிருக்கக் கூடாது. பிரெண்டன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தான். வாசலில் நின்று, "அண்ணே, நாளைக்குப் பிறகு அந்தக் காக்கியைப் போட்டுட்டு வெளியே வராதே, சொல்லிட்டேன்" என்றான். மிரட்டுகிறான் என்றுதான் கிறிஸ்டி நினைத்தான். மறுநாள் துப்பாக்கிச் சத்தம் கேட்டபோதுதான் புரிந்தது, பிள்ளை கெஞ்சியிருக்கிறான்.

சொல்லிவிட்டால் என்ன? டுகனுக்காகச் சொல்லவேண்டும். அவன் இல்லையென்றால் இந்நேரம் துருக்கிக் கடலில் மீன் தின்றிருக்கும் இந்த உடம்பை. சொல்லாவிட்டால் என்ன? பக்கத்து அறை ஜன்னலில் இருக்கிற பத்தொன்பது வயசுப் பையன் பெல்லாமியின் தாடை பறக்கும், அதற்கடுத்தவனின் கண் போகும், ஒவ்வொன்றுக்கும் கிறிஸ்டிதான் பொறுப்பு. சொன்னால் பிரெண்டன். பிரெண்டனாக இல்லாவிட்டால்? பிரெண்டனாக இருந்தால்? செக்குமாடு மாதிரி மனசு சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்தது. சொல்லாமலே, தானே சுட்டுவிட்டால்? தொப்பி கழன்றதும் முகம் தெரியும், பிரெண்டன் இல்லையென்றால் விசையை இழுக்கலாம், பிரெண்டன் என்றால் புகைபோக்கிச் செங்கலைச் சுட்டுவிட்டுக் குறி தவறியதாகச் சொல்லலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மணி அடிக்கும்போது தன் கை என்ன செய்யும்? அதுவும் தொப்பிக்குத்தான் போகும், அம்மா வளர்த்த கை அது. அப்போது தன் தலையும் அல்லவா ஜன்னலில் தெரியும்? இரண்டு பேரும் எழுபது கஜ இடைவெளியில் எழுந்து நின்று ஒரே ஜெபத்தைச் சொல்லிக்கொண்டு நிற்பதை நினைத்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைச் சார்ஜன்ட் பார்த்துவிட்டார்.

"என்ன சிரிப்பு?" "ஒண்ணுமில்லே சார்ஜன்ட்." ஹோல்ராய்டு தவழ்ந்து அவனருகே வந்தார். முகத்தில் இரண்டு நாள் தாடி, கண்ணெல்லாம் சிவப்பு. குரலைத் தணித்துக்கொண்டு பேசினார். "உன்கிட்டே ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. கேப்டன் உன்னை ஜன்னல்ல வைக்கவே வேணாம்னாரு. அயர்லாந்துக்காரனை நம்பி முதுகைக் காட்டாதேன்னாரு. நான்தான், இவன் போன வருஷம் நமக்காக ரத்தம் சிந்தினவன், இவன் நம்ம ஆளுன்னு பேசினேன். என் வார்த்தையைப் பொய்யாக்கிடாதே." "மாட்டேன் சார்ஜன்ட்." நம்ம ஆள். யாருடைய ஆள்? கடற்கரையில் செத்தவர்களின் ஆளா, மேஜையின் அந்த முனையில் உட்கார்ந்திருந்தவனின் ஆளா? நேற்று மாலை பட்டாளத்தோடு நடந்து வரும்போது சந்து முனையில் நின்ற ஒரு கிழவர் கிறிஸ்டியின் சட்டையில் இருந்த படைச் சின்னத்தைப் பார்த்துவிட்டுக் காறித் துப்பினார். இரண்டு வீடு தள்ளி ஒரு பெண், மகன் பிரான்சில் இருக்கிறானாம், அதே சின்னத்தைத் தொட்டு முத்தமிட்டு ரொட்டி கொடுத்தாள். ஒரே தெருவில், ஒரே சட்டைக்கு. ரொட்டியையும் தின்றான், எச்சிலையும் துடைத்தான்.

தூரத்தில் பீரங்கி அதிர்ந்தது. கூரை ஓடுகள் கலகலத்தன. சுவரில் மாட்டியிருந்த யாரோ ஒரு குழந்தையின் படம் கோணலாகிவிட்டது. வலப்பக்கம் முனை எட்டிப் பார்த்தது, வெடித்தது. பக்கத்து அறையில் பெல்லாமி வீரிட்டான். தோளா? கழுத்தா? தரையில் பூட்ஸ்கள் இழுபட்டன, "அழுத்திப் பிடி, அழுத்திப் பிடிடா" என்று யாரோ அழுதுகொண்டே சொன்னான், பிறகு கொப்புளிக்கிற மாதிரி ஒரு சத்தம், அதுவும் நின்றது. கழுத்துதான். கிறிஸ்டி துப்பாக்கிக் கட்டையில் நெற்றியை வைத்துக்கொண்டான். கட்டையில் டுகனின் ரத்தம் காய்ந்து பொருக்காகியிருந்தது. போதுமடா பிரெண்டன், போதும், நிறுத்து, இறங்கி ஓடிப் போ, பின்பக்கமாகக் கழிவுநீர்க் குழாய் இருக்கும், அதைப் பிடித்து இறங்கு, உனக்குத்தான் குரங்கு மாதிரி இறங்கத் தெரியுமே. மனசுக்குள் கத்தினான். மனசுக்குள் கத்தினால் எந்தக் கூரைக்குக் கேட்கும்? இன்னும் எத்தனை நிமிஷம்? ஐந்தா, மூன்றா? தன் தொப்பியைத் தரையில் போட்டு அதன்மேல் முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டான். கழற்றத் தொப்பியே இல்லையென்றால் கை எங்கே போகும்?

பெல்லாமியைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஹோல்ராய்டு மணிக்கட்டைத் திருப்பினார். தடித்த தோல்பட்டை போட்ட புதுக் கடிகாரம், கிளம்புமுன் மனைவி வாங்கிக் கட்டிவிட்டதாம், மணிக்கொரு தரம் சாவி கொடுத்துக்கொண்டிருப்பார். "பன்னிரண்டு" என்றார் தனக்குத்தானே. கிறிஸ்டியின் உடம்பெல்லாம் காதாயிற்று. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினான். அறுபது வந்தது. மணி அடிக்கவில்லை. இன்னொரு அறுபது. எங்கோ ஒரு குதிரை கனைத்தது. மூன்றாவது அறுபதையும் எண்ணி முடித்தான். அடிக்கவில்லை. அடிக்கவே இல்லை! மணி அடிக்கிற கோயில்பிள்ளை பீரங்கிச் சத்தத்துக்குப் பயந்து ஓடியிருப்பான், அல்லது எங்காவது குண்டடிபட்டுச் செத்திருப்பான், செத்திருந்தால் அவன் ஆத்துமா நேரே மோட்சத்துக்குப் போகட்டும். கிறிஸ்டியின் மரத்த காலுக்கு ரத்த ஓட்டம் திரும்பியது. தோள் தளர்ந்தது. பசிக்கக்கூடச் செய்தது. தொப்பியை எடுத்துத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டான். திரும்பினால் டுகனின் அவிழ்ந்த கயிறு. இப்போது அதைப் பார்க்க வெட்கமாக இருந்தது. உன்னைக் கொன்றவன் தப்பித்ததற்கா இத்தனை சந்தோஷப்படுகிறேன்?

அந்த வெட்கம்தான் அவன் வாயைத் திறந்தது. அதோடு கொஞ்சம் கெட்டிக்காரத்தனமும் சேர்ந்துகொண்டது, அதையும் சொல்லியாகவேண்டும். விற்றுப்போன மாட்டுக்கு விலை சொல்வதில் என்ன நஷ்டம்? சார்ஜன்டிடம் நல்ல பேர் வாங்கிக்கொள்ளலாம், கேப்டனின் வாயை அடைக்கலாம், டுகனிடமும், இதோ சொல்லிவிட்டேன் பார் என்று காட்டிக்கொள்ளலாம். யாருக்கும் ஒரு கெடுதலும் வராது. "சார்ஜன்ட், ஒரு வழி இருந்துச்சு" என்றான். "இருந்துச்சா?" "பன்னிரண்டுக்குக் கோயில் மணி அடிக்கும். அடிச்சா அவன் தொப்பியைக் கழட்டிட்டு எழுந்து நிப்பான். எங்க ஆளுங்க எவனா இருந்தாலும் நிப்பான். ஈஸ்டர் காலத்துல முட்டி போடக் கூடாது, நின்னுதான் ஜெபம் சொல்லணும்." ஹோல்ராய்டு அவனையே பார்த்தார். "சண்டைக்கு நடுவிலேயா?" "சாகக் கிடந்தாலும்." "அடப்பாவி, இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" "இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. ஆனா பிரயோஜனமில்லே சார்ஜன்ட், கோயில்பிள்ளை ஓடிட்டான்போல, மணி அடிக்கவே இல்லே. இனிமே எங்கே அடிக்கப்போறான்." ஹோல்ராய்டு மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்தார். "உங்க நாட்டுல எதுதான் நேரத்துக்கு நடந்துச்சு?" என்றுவிட்டுத் தன் ஜன்னலுக்குத் தவழ்ந்து போனார். ஆனால் டுகனின் துப்பாக்கியை எடுத்துத் துடைத்து, குறிப்பார்வையைச் சரிசெய்து, மடியில் வைத்துக்கொண்டார். கிறிஸ்டி அதைக் கவனித்தான். கவனித்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சொன்ன பிறகு மனசு லேசாகிவிட்டது. பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுக் கோயிலைவிட்டு வெளியே வருகிற மாதிரி. புகைபோக்கிக்காரன் கொஞ்ச நேரமாகச் சுடவில்லை. தின்றுகொண்டிருப்பானோ? ரொட்டிக் கிடங்காயிற்றே, வயிறு நிறையத் தின்னட்டும். பிரெண்டன் ரொட்டியின் மேல்தோலைப் பிய்த்து முதலில் தின்பான், நடுவை அண்ணனுக்குத் தள்ளுவான். இது முடிந்ததும் அவனைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பிவிடவேண்டும். அம்மா அழுவாள், அழட்டும், பிணத்தைப் பார்த்து அழுவதைவிடக் கப்பலைப் பார்த்து அழுவது மேல். துருக்கிக் கடற்கரையில் ஐந்தடி உயர மணல்மேட்டுக்குக் கீழே முந்நூறு பேர் முதுகோடு முதுகாக நாள் முழுக்கக் கிடந்தார்கள். தலையைத் தூக்கியவனுக்குத் தலை இல்லை. உச்சி வேளையில் டுகன் நிழலைப் பார்த்துப் பன்னிரண்டு என்று கணக்குப் போட்டுத் தொப்பியைக் கழற்றினான். "இங்கே ஏதுடா மணி?" என்று கிறிஸ்டி பல்லைக் கடித்தான். "ஊர்ல இந்நேரம் அடிச்சிருப்பான்ல" என்றான் டுகன். "இல்லடா மடையா, ஊர்ல இன்னும் காலைதான், ஊருக்கு ஊர் நேரம் வேற." டுகன் யோசித்தான். "அப்போ ரெண்டு தடவை சொல்லிட்டாப் போச்சு." ஊருக்கு ஊர் நேரம் வேறு. அந்த நினைப்பு வந்த சுவடு தெரியாமல் போகப் பார்த்தது, ஆனால் எங்கேயோ மாட்டிக்கொண்டு நின்றது. ஊருக்கு ஊர். நேற்றுத்தான் கப்பலிலிருந்து இறங்கியவர். மனைவி இங்கிலாந்தில் கட்டிவிட்ட கடிகாரம். டப்ளின் நேரம் லண்டன் நேரத்துக்கு இருபத்தைந்து நிமிஷம் பின்னால் என்பது இந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும், துறைமுகத்தில் இரண்டு கடிகாரம் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருப்பார்கள், சின்ன வயசில் இரண்டு பேரும் அதன் கீழே நின்று, இங்கிலீஷ்காரனுக்குச் சீக்கிரம் பசிக்கும் என்று சிரித்திருக்கிறார்கள். இரண்டு வருஷம் பட்டாளத்துக் கடிகாரத்தில் தின்று தூங்கிச் சுட்டவனுக்கு அது மறந்துபோயிற்று. கிறிஸ்டி வாயைத் திறந்தபடி சார்ஜன்டின் மணிக்கட்டைப் பார்த்தான். பன்னிரண்டு இருபத்துநாலு.

மணி அடித்தது. மூன்று அடி, ஒரு நிறுத்தம். காற்று அந்தப் பக்கமிருந்து வீசியதால் மடியில் போட்டது மாதிரி கேட்டது. கோயில்பிள்ளை எங்கேயும் ஓடவில்லை, நெருப்பும் பீரங்கியும் சூழ்ந்த ஊரில் தன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நேரம் தவறாமல் நிற்கிறான், மகராசன். ஹோல்ராய்டு துள்ளித் திரும்பி முழங்காலூன்றி டுகனின் துப்பாக்கியைத் தோளில் ஏற்றினார். கிறிஸ்டியின் கை தொப்பிக்குப் போயிருந்தது. எப்போது போனது? தொப்பி கையில் இருந்தது, அவன் எழுந்து நின்றிருந்தான். மறுபடி மூன்று அடி. புகைபோக்கியின் வலது ஓரத்தில் துப்பாக்கி செங்கல்லில் சாய்த்துவைக்கப்பட்டது, சிலுவை போட வலது கை வேண்டுமே, இடதுகைக்காரனுக்கும் அதற்கு மட்டும் வலது கைதான். ஒரு முழங்கை, ஒரு தோள். எழுந்து நிற்கிறான். கத்து. குனிந்துகொள்ளடா என்று கத்து. வயிற்றின் அடியிலிருந்து பிரெண்டன் என்ற சத்தம் கிளம்பித் தொண்டைக்கு வந்து பல்லுக்குப் பின்னால் முட்டியது. அந்த நேரம் அங்கே தொப்பி கழன்றது. வழுக்கைத் தலை. நாற்பது வயசிருக்கும், மூக்குக் கண்ணாடி வெயிலில் பளிச்சிட்டது, காதோரம் நரை. பிரெண்டன் இல்லை. இல்லை! கிறிஸ்டியின் உடம்பு முழுவதும் ஒரு சந்தோஷம் பாய்ந்தது, பிறந்ததிலிருந்து அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் அறிந்ததில்லை. தொண்டைவரை வந்த சத்தம் அந்தச் சந்தோஷத்தில் கரைந்து உள்ளே போய்விட்டது. நேரம் இருந்தது. ஹோல்ராய்டு நிதானமாகக் குறிபார்க்கிறவர், இரண்டு மூச்சு விட்டார். அந்த இரண்டு மூச்சில் ஒரு ஊரையே எழுப்பியிருக்கலாம். கிறிஸ்டி கத்தவில்லை. அந்த மனிதர் தலை குனிந்து உதடசைத்துக்கொண்டிருந்தார். சுட்டதும் மூக்குக் கண்ணாடிக்கு மேலே நெற்றி திறந்துகொண்டது. உட்காருகிறவர்போலச் சரிந்து, ஓட்டில் உருண்டு, தகரக் கால்வாயில் ஒரு கணம் மாட்டி, பிறகு தெருவில் வில்கின்ஸ் பயலுக்குப் பக்கத்தில் ஈரத் துணி மாதிரி விழுந்தார். தொப்பி பின்னாலேயே வந்தது. மணி இன்னும் முடியவில்லை. கடைசி ஒன்பது அடிகளை அடித்துக்கொண்டிருந்தது.

சிப்பாய்கள் ஆரவாரம் செய்தார்கள். ஹோல்ராய்டு வந்து கிறிஸ்டியின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார், கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. "நான் சொன்னேன்ல கேப்டன்கிட்டே, நீ நம்ம ஆளுன்னு!" கிறிஸ்டி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான். இந்நேரம் யாரோ ஒரு வீட்டில் ஒரு பொம்பளை ஜெபம் முடித்துச் சிலுவை போட்டுவிட்டு அடுப்படிக்குத் திரும்பியிருப்பாள். வெட்கமே இல்லாமல் உள்ளே அந்தச் சந்தோஷம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, அவன் இல்லை, அவன் இல்லை என்று. "ஆமா, இந்த மணி ஒரு நாளைக்கு எத்தனை தடவை அடிக்கும்?" என்று ஹோல்ராய்டு கேட்டார். பள்ளிக்கூடத்து ஞானோபதேச வகுப்பில் கேள்வி வந்தால் யோசிக்கக் கூடாது, யோசித்தால் தோல்வார் விழும், எட்டு வருஷம் அப்படித்தான் படித்தான். "மூணு தடவை, சார்ஜன்ட். காலையில ஆறு, மத்தியானம் பன்னிரண்டு, சாயங்காலம் ஆறு" என்றது அவன் வாய். சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. ஒரு தடவைதான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கைக் கடித்து ரத்தம் வந்தது. சொன்னதை விழுங்க முடியவில்லை.

"ஆறு" என்றார் ஹோல்ராய்டு. பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்து ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதினார். சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயில் மணி அடிக்கும்போது ஆற்றுக்கு இரு கரையிலும் உள்ள எல்லாக் காவல் நிலைகளும் எல்லாக் கூரைகளையும் குறிபார்த்திருக்கவேண்டும், கலகக்காரர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்து நிற்பார்கள் என்று வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். தூதனிடம் கொடுத்தார். அவன் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி ஓடினான். "சார்ஜன்ட், எல்லாரும் நிக்கமாட்டாங்க, சில பேர்தான்" என்றான் கிறிஸ்டி. குரல் அவனுக்கே கேட்கவில்லை. "சில பேர் போதும்பா" என்றார் அவர் அன்பாகவே. பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராகக் கடிகாரத்தைப் பார்த்தார், வெளியே கோயில் இருந்த திக்கைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். "உங்க ஊர் நேரம் எவ்வளவு பின்னாலே?" கிறிஸ்டி காதில் விழாதவன்போல ஜன்னல் பக்கம் திரும்பினான். கதவருகில் நின்ற வேறொரு சிப்பாய், "துறைமுகத்துல பார்த்தேன், இருபத்தஞ்சு நிமிஷம்" என்றான். ஹோல்ராய்டு கடிகாரத்தின் திருகை இரண்டு விரலால் வெளியே இழுத்து, முள்ளைப் பொறுமையாகப் பின்னால் தள்ளி, காதில் வைத்துக் கேட்டுவிட்டுக் கையை இறக்கினார். கிறிஸ்டியின் தொப்பி இன்னும் அவன் கையிலேயே இருந்தது. ஊரில் எத்தனையோ கூரைகள், ஏதோ ஒன்றில் பிரெண்டன். அவனுக்குச் சுடச் சொல்லிக்கொடுத்தாயிற்று, ஓரமாகச் சாயச் சொல்லிக்கொடுத்தாயிற்று. ஆறு மணிக்கு மணி அடித்தால் எழுந்து நிற்க அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.